சனிக்கிழமை மட்டும் வந்த வெள்ளைச் சட்டைகள்

நான் தோற்ற வழக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஜெயித்த வழக்குகளைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ள ரிட்டயரான அதிகாரிகள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஒரு காப்பி கொடுத்தால் போதும், நிறுத்தவே மாட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் காதில் அந்தக் கதைகள் தானாகவே விழும். நான் கோட்டை விட்ட கதையை நானே சொன்னால்தான் உண்டு.

பயிற்சியின் முதல் நாள் சட்டப் புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். திட்டமாட்டேன். ஒரு காலத்தில் என் முகமும் அப்படித்தான் போயிற்று. சட்டம் வக்கீல் பாடு, தண்ணீர் என் பாடு என்று இருந்தவள் நான்.

நான் பிறந்தது செகந்திராபாத் ரயில்வே காலனியில். அப்பா திருச்சியிலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். நான் வேதியியல் படித்து, நம் இலாகாவில் சேர்ந்து, கல்யாணமாகி ஏ.எஸ்.ராவ் நகருக்கு வந்தேன். கணவர் அங்கே பொதுத்துறை எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் என்ஜினீயர். ஊரின் மேற்குப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களாக முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எந்த வீட்டில் பார்த்தாலும் ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டுத் துணியை வெளுத்துத் தந்தவர் யாதம்மா. காலனியைத் தாண்டி ஓடும் ஓடையில் ஒரு தோபி காட், அதாவது சலவைத்துறை, இருந்தது. கரையில் வரிசையாகத் துவைக்கும் கற்கள். ஒவ்வொரு கல்லும் ஒரு குடும்பத்துக்கு உரியது. மாமியார் நின்ற கல்லில் மருமகள் நிற்பாள், வேறு யாரும் அதில் துணியை அடிக்க முடியாது. யாதம்மா செவ்வாயும் சனியும் எங்கள் வாசலுக்கு வருவார். அவர் பேசுவது தெலுங்கு, எனக்கு வருவது ரயில்வே காலனித் தெலுங்கு. இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"அம்மா, நீங்க தண்ணி ஆபீசுதானே? மேல சாயக் கம்பெனி வந்ததுலேந்து ஓடைத் தண்ணி இப்படிப் பண்ணுது. மூணு குடும்பம் கல்லை விட்டுட்டு அபார்ட்மெண்டுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போயிட்டாங்க. எனக்கு வேற தோபி காட்டுல யாரும்மா கல்லு கொடுப்பாங்க? இது போச்சுன்னா என் தொழில் போச்சு."

"நான் பார்த்துக்கறேன் யாதம்மா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

அடுத்த வாரமே சாம்பிள் எடுக்கப் போனேன். கம்பெனிக் குழாய் ஓடையில் விழும் இடத்திலேயே பிடித்தேன். கழுவிய பாட்டில், ஐஸ் பெட்டி, லேபிள் எல்லாம் பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப்போல அத்தனை சுத்தம். அப்போது கம்பெனி மேனேஜர் ஓடி வந்தார். என் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்மூரா நீங்க! எனக்கு மன்னார்குடி பக்கம் மேடம். இந்த ஊர்ல தமிழ்ல பேசி எத்தனை நாளாச்சு! வாங்க, முதல்ல ஒரு காப்பி சாப்பிடுங்க."

சட்டம் என்ன சொல்கிறது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். சாம்பிள் எடுக்கிற இடத்திலேயே, அப்போதே, பொறுப்பில் இருப்பவர் கையில் நோட்டீஸைக் கொடுக்க வேண்டும். அவர் கண்முன்னால் சாம்பிளை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கும் அது தெரியாமல் இல்லை. படிவத்தைத் தேதி போட்டுக் கொண்டுபோயிருந்தேன். ஆனால் மன்னார்குடிக்காரர் தலையைச் சொறிந்தார்.

"மேடம், முதலாளி இல்லாம நான் கையெழுத்துப் போட்டா என் வேலைக்கு உலை வெச்சிடுவார். நாளைக்குக் காலைல வாங்க, நானே முன்னால நின்னு போட்டுத் தரேன். நமக்குள்ள என்ன மேடம்?"

நமக்குள்ள என்ன! அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன் நான். வெளியூரில் நம் பாஷையைக் கேட்டால் உருகிப்போகும் ஜாதி நாம். காப்பியைக் குடித்துவிட்டு, பாட்டில்களை நானே பிரித்து, நானே சீல் வைத்து, லேபுக்கு அனுப்பினேன். மறுநாள் போனபோது அந்த மனுஷர் சொன்ன சொல் தவறாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படிவத்தில் முந்தின நாள் தேதி அப்படியே இருந்தது. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

லேப் முடிவு எங்களுக்குச் சாதகமாகப் பளிச்சென்று வந்தது. வழக்குப் போட்டார்கள். என்னைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிட்ட அன்று, கோர்ட் வராந்தாவில் என் மேலதிகாரி காதோடு சொன்னார்: "கையெழுத்தைப் பத்திக் கேப்பாங்க மேடம். படிவத்துல இருக்கிற தேதியைச் சொல்லிட்டு இறங்கிடுங்க. வேற எதுவும் பேசாதீங்க."

கம்பெனி வக்கீல் என் வயதுக்காரர். ஒல்லியாக, முன்தலை வழுக்கையாக, பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் போல இருந்தார். ஆய்வு முடிவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. படிவத்தை எடுத்து என் கண்முன் நீட்டினார்.

"மேடம், இந்தக் கையெழுத்து எப்போ வாங்கினது?"

கடைசி பெஞ்சில் யாதம்மா உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பக்கத்தில் தோபி காட்டிலிருந்து வந்த நாலைந்து பேர். அந்தப் பக்கம் மன்னார்குடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். படிவத்தில் இருக்கிற தேதியைச் சொன்னால் யாதம்மாவின் கல் மிஞ்சும். ஆனால் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு நிற்கிறேன். என்ன செய்வது, எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. இன்று யோசித்தாலும் அது வீரமா, பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"மறுநாள் காலையில்" என்றேன்.

எங்கள் வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டார். சாம்பிள் சாட்சியமாகச் செல்லாது என்று ஆகிவிட்டது. வழக்கு படுத்துவிட்டது.

வராந்தாவில் யாதம்மா கேட்டார்: "என்னம்மா ஆச்சு?"

"தோத்துட்டோம் யாதம்மா."

"அப்போ தண்ணி அப்படியேதானா?"

"அப்படியேதான்."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

நான் தூணோரமாக நின்று அழுகையை அடக்கிக்கொண்டிருந்தபோது, என்னைத் தோற்கடித்த அதே வக்கீல் வந்தார். பழைய நகரத்து ஹைதராபாதி, உருது கலந்து பேசுபவர். அவர் பேச்சை அப்படியே எழுத எனக்கு வராது; வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', இந்த இரண்டை மட்டும் விட்டுவைக்கிறேன்.

"மேடம், நீங்க பொய் சொல்லியிருந்தா நான் தோத்திருப்பேன்" என்றார்.

"இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"நக்கோ, கோபம் நக்கோ. சாயந்திரத்துல நான் ஒரு டிப்ளமா வகுப்பு எடுக்கறேன். சுற்றுச்சூழல், பொதுச் சுகாதாரம், அதுக்கான சட்டம். ஒரு வருஷம். உங்க மாதிரி ஆளுங்க ஒருத்தரும் வர்றதில்லை. வாங்க."

"உங்ககிட்டயா நான் படிக்கணும்?"

"ஹவ், வேற யார்கிட்ட? உங்களைத் தோக்கடிச்சது நான்தானே!"

எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் போய்ச் சொன்னேன். என் மகள் தமிழில் கேட்டால் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்கிறவள், அன்று எல்லாவற்றையும் கலந்தே கேட்டாள்: "அம்மா, எந்துக்கு? இந்த ஏஜ்ல நீ எதுக்குப் படிக்கணும்?" கணவர் மட்டும், "படிக்கட்டும். வீட்டுல ஒரு வக்கீலம்மா இருந்தா யாதம்மாகிட்டேயிருந்து என் சட்டையாவது நேரத்துக்கு வரும்" என்றார்.

அவருடைய சட்டைதான் எங்கள் வீட்டின் நிரந்தரச் சண்டை. மனுஷர் வெள்ளைச் சட்டை தவிர வேறு போடமாட்டார். யாதம்மாவோ கலர்த் துணியைச் செவ்வாயன்றும் கொண்டு வருவார், சனியன்றும் கொண்டு வருவார். வெள்ளை மட்டும் சனிக்கிழமைதான் வரும். புதன், வியாழனுக்குள் இருக்கிற வெள்ளையெல்லாம் தீர்ந்துபோகும். வாசலில் நின்று எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்! "வெள்ளைன்னா உனக்கு என்ன கசக்குதா? செவ்வாய்க்கிழமை கொண்டுவர என்ன கேடு?" என்பேன். அவர், "கொண்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார். மறுபடி சனிக்கிழமைதான் வரும்.

வகுப்புக்குப் போனேன். என்னைச் சுற்றிலும் சாஃப்ட்வேர் பிள்ளைகள், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பாதி வகுப்பில் தூங்கி விழுவார்கள். நான்தான் முன்வரிசை. என் புத்தகத்தில் அடிக்கோடு போடாத பக்கம் கிடையாது. அந்த வக்கீல் பாடம் நடத்தும்போது நான் முறைத்துக்கொண்டே குறிப்பெடுப்பேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நல்ல வாத்தியார். எனக்கு வாய்த்த எல்லா ஆசிரியர்களிலும் அவர்மேல்தான் இன்றைக்கும் பிரியம் அதிகம்.

சாட்சியம் என்ற பாடம் வந்தபோது ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். உங்கள் வாழ்க்கையில் நீங்களே கண்ணால் கண்ட ஒரு விஷயத்தைச் சாட்சி சொல்வதுபோல எழுதி வாருங்கள், பிறர் சொன்னதும் கூடாது, உங்கள் ஊகமும் கூடாது என்றார். எனக்கு இருந்த எரிச்சலில் யாதம்மாவைப் பற்றி எழுதினேன். 'எங்கள் வீட்டு வெள்ளைத் துணி இரண்டு வருடமாகச் சனிக்கிழமை மட்டுமே திரும்பி வருகிறது. வேறெந்த நாளும் வந்ததில்லை. சலவைக்காரரின் சோம்பேறித்தனமே இதற்குக் காரணம்.'

அவர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். தூங்கினவர்கள்கூட எழுந்து சிரித்தார்கள்.

"இதுல ஒரு வரி சாட்சியம் இல்லை. எந்த வரி மேடம்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடைசி வரி" என்றேன்.

"ஹவ். சோம்பேறித்தனத்தை நீங்க பார்க்கலை. சனிக்கிழமையைத்தான் பார்த்தீங்க. காரணம் என்னன்னு அந்தம்மாவைக் கேட்டீங்களா?"

"இல்லை."

"இரண்டு வருஷமா?"

காது மடல் சுட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை யாதம்மா மூட்டையை இறக்கியதும் கேட்டேன். முதன்முறையாகக் கத்தாமல் கேட்டேன்: "வெள்ளையை ஏன் யாதம்மா சனிக்கிழமை மட்டும் கொண்டு வரே?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை அந்தச் சாயக் கம்பெனிக்கு லீவும்மா. அன்னிக்கு ஒரு நாள்தான் ஓடை தெளிவா ஓடும். மத்த நாள்ல வெள்ளையைப் போட்டா பழுப்பு ஏறிடும், எதைப் போட்டாலும் போகாது. காலைல கம்பெனிச் சங்கு ஊதுதான்னு காது கொடுத்துக் கேப்பேன். ஊதலைன்னா வெள்ளையை எடுத்துக்கிட்டுப் போவேன். தோபி காட்டுல எல்லாரும் அப்படித்தான்."

லேபும் ஐஸ் பெட்டியும் இல்லாமல் வாரத்தில் ஏழு நாளும் அந்த ஓடையைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் இவர்கள். அந்த முடிவு வாராவாரம் இஸ்திரி போட்டு என் வீட்டுக் கட்டிலுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. கம்பெனியையும் தண்ணீரையும் கோர்ட்டில் நான் முடிச்சுப் போட முடியாமல் தவித்தேனே, அந்த முடிச்சு இவர் கையில் இருந்தது! உள்ளே ஓடிப்போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் வகுப்பில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாத்தியார் நுழைந்ததும் எழுந்து நின்றேன். "சார், கேட்டேன். அந்த ஓடை..."

அவர் முகம் சட்டென்று மாறியது. இரண்டு கையையும் தூக்கினார்.

"நக்கோ மேடம், நக்கோ! உக்காருங்க. நான் அந்தக் கம்பெனியோட வக்கீல். இதுக்கு மேல ஒரு வார்த்தை நீங்க சொல்லவும் கூடாது, நான் கேக்கவும் கூடாது."

வகுப்பே விழித்துவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. அவர் புத்தகத்தைத் திறந்து அன்றைய பாடத்தை ஆரம்பித்தார். கம்பெனியின் வழக்குகளிலிருந்து அவர் விலகிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளைகளே, நெருக்கடியில் நிதானம் என்றால் எனக்கு இன்றும் அந்தத் தூக்கிய இரண்டு கைகள்தான் ஞாபகம் வருகின்றன.

மீதியை நான்தான் தேட வேண்டியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போனபோது, பொதுத் தொல்லை என்ற தலைப்பில் மாட்டியது. ஊராருக்குத் தொல்லை தரும் எதையும் அகற்றச் சொல்லி நிர்வாக மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். அதற்கு நம் இலாகா சாம்பிள்தான் வேண்டும் என்பதில்லை, தொல்லையை அனுபவித்தவர்கள் வந்து சொன்னாலும் கேட்பார்கள். படித்த மும்முரத்தில் என் ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்தபோது கால் வலிக்கவே இல்லை.

தோபி காட்டில் மிஞ்சியிருந்த குடும்பங்கள் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவர் இலவசச் சட்ட உதவி வக்கீல் ஒருவர். நான் சாட்சி சொல்லப் போவதாக என் மேலதிகாரியிடம் லீவு கேட்டேன். காரணத்தை மறைக்காமல் எழுதியிருந்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"சலவைத் துணி விஷயமாகவா மேடம்?"

"ஆமாம் சார்."

"இலாகாவை இழுத்துவிட மாட்டீங்களே?"

"என் புடவையையும் எங்க வீட்டுக்காரர் சட்டையையும் மட்டும்தான் இழுப்பேன் சார்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

விசாரணை கோட்ட வருவாய் அதிகாரியின் அலுவலகத்தில் நடந்தது. அவர்தான் நிர்வாக மாஜிஸ்திரேட், என் மகளைவிடச் சில வயதே மூத்த பெண். முதலில் யாதம்மாவைக் கூப்பிட்டார்கள். கம்பெனியின் புது வக்கீல் அவரைக் குறைத்து எடைபோட்டுவிட்டார்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதய்யா."

"தண்ணீரைச் சோதிச்சுப் பார்த்தியா?"

"தினமும் பார்க்கிறேன். வெள்ளைத் துணி போட்டா தெரிஞ்சுடும்."

"வெள்ளிக்கிழமைல நீயா ஒரு ராசி பார்த்துத் துவைக்கிற. அதுக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்?"

யாதம்மா கொஞ்சமும் தடுமாறவில்லை.

"ராசி இல்லைய்யா. போன வருஷம் பதுகம்மா பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சங்கு ஊதிச்சு. நான் வெள்ளை மூட்டையைத் தூக்கிக்கிட்டு பாதி வழி போயிட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பி வந்துட்டேன். அந்தச் சனிக்கிழமை ஒரு வீட்டுக்கும் வெள்ளை கொடுக்கலை. பண்டிகை நாளும் அதுவுமா எல்லார்கிட்டயும் திட்டு வாங்கினேன். இந்தம்மாகிட்டயும்தான்."

என்னைக் கை காட்டினார். எனக்கு அந்தச் சனிக்கிழமை நன்றாக ஞாபகம் இருந்தது. கணவரின் அலுவலகத்தில் விழா. முதன்முறையாகக் கோடு போட்ட சட்டையில் போனார், வந்து மூன்று நாள் புலம்பினார். நான் தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருந்தேன்.

அதைத்தான் போய்ச் சொன்னேன். வக்கீல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க ஏற்கெனவே இந்தக் கம்பெனிமேல வழக்குப் போட்டுத் தோத்த அதிகாரி, இல்லையா?"

"ஆமாம். தப்பு என்மேலதான். இன்னிக்கு நான் யாதம்மாகிட்டே துணி போடற வீட்டுக்காரி. லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

அந்த வெள்ளிக்கிழமை கம்பெனி ஓடவே இல்லை என்றார் வக்கீல். அதிகாரி, வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி வேறொரு நாளுக்குத் தள்ளி வைத்தார். அந்த இடைவெளியில் எனக்கு ஒரே பயம். பதிவேட்டைத் திருத்திவிட்டால் யாதம்மாவின் பேச்சு காற்றோடு போய்விடும்.

பதிவேட்டைக் கொண்டு வந்தவர் மன்னார்குடிக்காரர். மேஜைமேல் வைத்தார். அதிகாரி பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "அன்னிக்கு வேலை நடந்ததா?" என்று கேட்டார். அவர் வக்கீலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"நடந்தது மேடம். பண்டிகைக்கு முன்னாடி அவசர ஆர்டர். நான்தான் எல்லாரையும் வரச் சொன்னேன்."

அவருடைய வேலைக்கு அது உலை வைக்கும் என்று அவருக்குத் தெரியும். சொன்னார். வைக்கவும் வைத்தது. பிற்பாடு வேறு கம்பெனியில் சேர்ந்தார். பல வருடம் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு வருவார்.

ஓடையில் விழும் குழாயை அடைக்க வேண்டும், கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று உத்தரவாயிற்று. கம்பெனி மேல்முறையீடு என்று முறுக்கிப் பார்த்தது, நடக்கவில்லை. மழைக்காலத்துக்குள் குழாய் வாயில் சிமெண்ட் பூசினார்கள். வாட்ச்மேன் வேலைக்குப் போன மூன்று குடும்பங்களில் ஒன்று திரும்பி வந்தது. மற்ற இரண்டும் வரவில்லை. அந்த இரண்டு கற்களும் என் கணக்கில்தான் இருக்கின்றன, அதை நான் மறைக்கப்போவதில்லை. அந்த முதல் நாளே கையெழுத்தை வாங்கியிருந்தால் அவர்களும் இருந்திருப்பார்கள்.

ஆகவே நோட்டீஸை அங்கேயே கொடுங்கள், அப்போதே கொடுங்கள். எதிரில் நிற்பவர் உங்கள் சித்தப்பாவாக இருந்தாலும் கொடுத்துவிட்டுக் காப்பி குடியுங்கள். இதைத்தான் இந்தக் கதையின் பாடம் என்று நானும் பல வருடம் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் உத்தரவு வந்த அன்று, அலுவலகப் படியில் இறங்கும்போது யாதம்மா சொன்னதை இதுவரை எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். அவருக்கு ஒரே சந்தோஷம். நானும் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். ஒரு வருடம் விழுந்து விழுந்து படித்தது வீண் போகவில்லை, எந்தப் பிரிவு, என்ன வழி என்று எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா என்று அவரிடம் அளந்துகொண்டே வந்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கீழ்ப்படியில் நின்று, உரிந்து ஆறாத அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே கேட்டார்:

"அம்மா, வாரத்துக்கு ரெண்டு தடவை உங்க வாசல்லதானே நின்னேன். ஏன் யாதம்மான்னு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே. என்னைக் கேக்கறதுக்கு நீங்க காலேஜுக்குப் போய்ட்டு வரணுமா?"